கொம்தாரின் முக்கோணக் குவிமாடம்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வருபவர்கள் கரை சேரும் முன்பே கொம்தாரைப் பார்த்துவிடுவார்கள். ஜார்ஜ் டவுனின் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே, 12 பக்கங்கள் கொண்ட ஒரு கோபுரம் தனியாக எழுந்து நிற்கும். ஊரில் வழி சொல்பவர்களும் அதை வைத்துத்தான் சொல்வார்கள்: கொம்தாருக்கு இந்தப் பக்கம், கொம்தார் தாண்டி இரண்டாவது சந்து. மாநில அரசு அலுவலகத்தில் வேலை இருந்தாலும், தீவின் மறுகோடிக்குப் பஸ் ஏற வேண்டுமென்றாலும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் காலடியில் இருப்பதைக் கவனிப்பதில்லை. அடித்தள மாடிகளின் மேல் ஒரு குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. வளைந்த பரப்பு என்று தூரத்தில் தோன்றும். கிட்டே போனால் வளைவே கிடையாது, எல்லாம் நேர்க்கோடுகள், முக்கோணத்தோடு முக்கோணம் சேர்ந்த வலை. கூட்டங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் பொது மண்டபமாக இருந்த அந்தக் குவிமாடம், 2016 முதல் டெக் டோம் பினாங்கு என்ற அறிவியல் மையமாக இயங்குகிறது. வயதான ஒரு பொதுக் கட்டடத்தைப் புதிய பண்பாட்டுப் பயனுக்கு மாற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான். இடிக்கவும் இல்லை, மேலே புதுமுகம் பூசி மறைக்கவும் இல்லை. அந்த வடிவத்துக்குள் எது பொருந்துமோ அதைக் குடிவைத்தார்கள்.

கொம்தார் பிறந்த காலம் பினாங்குக்கு நல்ல காலமல்ல. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற பழைய சலுகை 1960களின் இறுதியில் பறிபோயிற்று. துறைமுகத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் படித்த பிள்ளைகள் வேலையின்றி இருந்தார்கள். 1969இல் முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சொங் இயூ, தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளுக்கான தடையற்ற வணிக வலயத்தை 1972இல் தொடங்கினார். இன்று பினாங்கு மின்னணுத் துறையில் பெயர் பெற்றிருப்பதற்கு அதுவே வேர். நகரின் நடுவே அவர் கையிலெடுத்த பெரிய காரியம் கொம்தார். பிரதமர் துன் அப்துல் ரசாக் 1974இல் பணியைத் தொடங்கிவைத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமாகிவிட, வளாகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1980களின் நடுவில் கோபுரம் முடிந்தபோது 65 மாடிகள், ஏறக்குறைய 232 மீட்டர் உயரம். மலேசியாவில் அன்று அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை.

வரைந்தவர் லிம் சொங் கீட், முதலமைச்சரின் தம்பி. பினாங்கில் பிறந்து மான்செஸ்டரிலும் எம்.ஐ.டி.யிலும் கட்டடக்கலை படித்தவர். பனை இனங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதும் அளவுக்குத் தாவரவியலிலும் தோய்ந்தவர். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அவருடைய நண்பர். முக்கோண வலைக் குவிமாடத்தை உலகெங்கும் பரப்பியவர் ஃபுல்லர்தான். கொம்தாரில் அப்படி ஒரு குவிமாடம் வந்து சேர்ந்ததில் இந்த நட்புக்குப் பங்கு உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 27 ஏக்கர் பரப்புக்கான திட்டம் இது. பழைய கடைவீடுகளும் தெருக்களும் இதற்காக இடிக்கப்பட்டன. அங்கே தலைமுறைகளாகத் தொழில் செய்தவர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. 2008இல் ஜார்ஜ் டவுனின் பழைய நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு அந்த இழப்பு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஆனால் இடித்தது தவறு என்று நினைப்பவர்கள், அதன் மேல் எழுந்ததையும் இடித்துக் கணக்கைச் சரிசெய்ய முடியாது. ஐம்பது ஆண்டு மனித வாழ்க்கை இப்போது இதன் மேலும் படிந்துவிட்டது.

கொம்தார் எந்தக் குடும்பத்துப் பிள்ளை? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் கான்கிரீட்டை மூடாமல், பூசாமல், சென்ட்ரிங் பலகையின் வரியோட்டம் சுவரில் தெரியும்படியே விட்டுவிடும் கட்டடப் பாணி ஒன்று எழுந்தது. அதற்குப் புரூட்டலிசம் என்று பெயர். மார்சேயில் லெ கொர்புசியே கட்டி 1952இல் முடித்த குடியிருப்பு அதற்கு முன்னோடி; லண்டனில் ஹேவர்ட் கலைக்கூடம், தேசிய நாடக அரங்கு, பார்பிக்கன் எல்லாம் அடுத்தடுத்து வந்தவை. கொம்தாரை இந்தப் பாணியின் சுத்த மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலம் அதே, நம்பிக்கையும் அதே: அரசு பெரிதாகக் கட்டும், கான்கிரீட்டில் கட்டும், ஒரே கூரையின் கீழ் அலுவலகம், அங்காடி, பஸ் நிலையம், மண்டபம் எல்லாவற்றையும் மக்களுக்குக் கொண்டுவரும். நோய்களும் அவற்றுக்கெல்லாம் பொது. முதுமையில் இந்தக் கட்டடங்கள் கறுத்துப்போகின்றன, ஒழுகுகின்றன, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. உடனே இடித்துவிடலாம் என்ற பேச்சு கிளம்புகிறது.

அந்தப் பேச்சுக்கு முன்னால் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் குவிமாடம்.

நான்கு குச்சிகளை முனையில் நூலால் கட்டி ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் சாய்ந்து சரிந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்யுங்கள். எந்தக் குச்சியாவது ஒடிந்தால் ஒழிய அதன் வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் நிலையாக இருந்தால் கோணங்களும் நிலையாக இருக்கும் ஒரே பலகோணம் முக்கோணம்தான். இந்த ஒற்றை உண்மையின் மேல்தான் முழுக் குவிமாடமும் நிற்கிறது. 20 சமபக்க முக்கோணங்களால் ஆன திண்ம உருவம் ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு முகத்தையும் மேலும் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, எல்லா முனைகளையும் ஒரு கோளத்தின் பரப்புக்குத் தள்ளிவிட்டால் வலைக் குவிமாடம் கிடைத்துவிடும். மேலிருந்து வரும் பாரம் எந்த ஒரு கம்பியிலும் தங்குவதில்லை. ஒரு முனைக்கு வந்த பாரம் ஐந்தாறு கம்பிகளில் பிரிந்து, அடுத்த முனைகளில் மறுபடியும் பிரிந்து, வலை முழுக்கப் பரவிக் கீழே இறங்குகிறது. அதனால் மெல்லிய உறுப்புகள் போதும், உள்ளே ஒரு தூண்கூட வேண்டியதில்லை.

இதில் எனக்கு அலுக்காத ஒரு அதிசயம் இருக்கிறது. இந்த முறையில் ஒரு முழுக் கோளத்தைச் செய்தால், முனைகளில் பெரும்பாலானவற்றில் 6 கம்பிகள் கூடும். ஆனால் சில முனைகளில் 5 கம்பிகள்தான் கூடும். அந்த ஐந்து கம்பி முனைகள் எத்தனை என்றால், முக்கோணங்கள் நூறாக இருந்தாலும் சரி, பத்தாயிரமாக இருந்தாலும் சரி, 12தான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆறு ஆறாக மட்டும் சேர்த்தால் தட்டையான தரைதான் வரும். கோளமாக மூடிக்கொள்ள அந்த 12 முனைகளும் தேவை. 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் கண்ட சமன்பாட்டின் விளைவு இது. 1985இல், அதாவது கொம்தார் முடியும் தறுவாயில், குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோரின் குழு 60 கார்பன் அணுக்களால் ஆன ஒரு மூலக்கூற்றைக் கண்டது. அதன் வடிவத்தை ஊகிக்க உதவியவற்றில் ஒன்று ஃபுல்லரின் குவிமாடம். அதிலும் 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள். மூலக்கூற்றுக்கு ஃபுல்லரின் பெயரையே வைத்தார்கள். 1996இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நானோமீட்டர் அளவுள்ள ஒரு மூலக்கூறும் பினாங்கின் ஒரு மண்டபமும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை.

ஃபுல்லர் 1954இல் இந்தக் குவிமாடத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இதைப் போன்ற ஒன்றை அவருக்கு முப்பது ஆண்டுகள் முன்பே ஒருவர் கட்டியிருந்தார். ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் பவர்ஸ்ஃபெல்ட், உலகின் முதல் கோளரங்கக் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். செயற்கை வானத்தைக் காட்ட ஒரு அரைக்கோளத் திரை வேண்டும். 1920களின் தொடக்கத்தில் தொழிற்சாலையின் மொட்டைமாடியில் 16 மீட்டர் விட்டத்தில் இரும்புக் கம்பிகளால் முக்கோண வலை பின்னி, அதன் மேல் சில சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் தெளித்தார்கள். முக்கோண வலைக் குவிமாடம் பிறந்ததே அறிவியலை மக்களுக்குக் காட்டத்தான். அதன் தோலும் கான்கிரீட்தான். கொம்தார் குவிமாடம் அறிவியல் மையமாக மாறியதை வீடு திரும்பியதாகவே நான் பார்க்கிறேன்.

இனி, அந்த மண்டபத்தில் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். குழிந்த கூரை ஒலியைத் திருப்பி ஒரே இடத்தில் குவிக்கும். பீஜப்பூரின் கோல் கும்பஸில் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கிறது. கைதட்டினால் பலமுறை திரும்பி ஒலிக்கிறது. சுற்றுலாவுக்கு அது வேடிக்கை. மேடையில் பேசுபவருக்கோ தண்டனை. கடினமான பரப்புகள் சேர்ந்தால் இன்னும் மோசம். வழவழப்பான கான்கிரீட்டில் ஒலி மோதினால் அதில் 100க்கு ஏறக்குறைய 2 பங்கைத்தான் அது விழுங்கும், மீதி 98 பங்கும் திரும்பிவிடும்.

இந்தச் சிக்கலை முதலில் அளந்தவர் ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைன். 1895இல் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஒலித்து அடங்க 5 விநாடிக்கு மேல் ஆயிற்று, அதற்குள் அடுத்த பல சொற்கள் அதன் மேல் ஏறிவிடும். சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது. பகலில் தெருவின் இரைச்சல் இருக்கும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு வேலை செய்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை நேரம் பிடித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இப்படிப் பல இரவுகள். கடைசியில் கிடைத்தது ஒரு எளிய விதி: எதிரொலி நீடிக்கும் நேரம் அறையின் கனஅளவுக்கு நேர்விகிதம், உள்ளே இருக்கும் பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனுக்கு எதிர்விகிதம். மெத்தை உறிஞ்சும், திரைச்சீலை உறிஞ்சும், ஆடை உடுத்திய மனித உடம்பும் உறிஞ்சும். நிரம்பிய அரங்கில் பேச்சு தெளிவாகக் கேட்பதும் காலி அரங்கில் கணகணப்பதும் அதனால்தான்.

பெரிய குவிமாடத்தில் கனஅளவு மிக அதிகம். விட்டத்தை இரு மடங்காக்கினால் பரப்பு 4 மடங்காகும், உள்ளே அடைபடும் காற்று 8 மடங்காகும். ஒலிக்கு அது பாதகம், குளிர்சாதனச் செலவுக்கு ஓரளவு சாதகம், ஏனென்றால் உள்ளிருக்கும் ஒவ்வொரு கனமீட்டருக்கும் வெயில் படும் பரப்பு குறைகிறது. ஒரே மேடை, ஒரே குரல், ஆயிரம் செவிகள் என்ற ஏற்பாட்டுக்கு இத்தகைய வடிவம் தோதானதல்ல. ஐந்தாறு பேர் ஒரு கருவியைச் சூழ்ந்து நின்று, கையால் திருகி, அருகிலேயே பேசிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மிகத் தோதானது. விசையும் இயக்கமும், மின்காந்தம், ஒளியியல், ரோபோ என்று பிரித்து, தொட்டு இயக்கும் காட்சிப்பொருள்களை வைத்திருக்கும் டெக் டோம் அப்படிப்பட்ட இடம். காட்சிப்பொருள்களும் தடுப்புகளும் குழந்தைகளும் நிறைந்ததுமே ஒலி சிதறுகிறது, குவிவதில்லை. கட்டடத்தின் குறையைப் பணம் கொட்டி மறைப்பதைவிட, அந்தக் குறை குறையாகத் தெரியாத பயன் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது உயர்ந்த புதுப்பித்தல். டெக் டோமை நான் பாராட்டுவது முதலில் இதற்காகத்தான். மாநில அரசு முன்னின்று, லாப நோக்கமில்லாத அமைப்பாக நடத்துவது அடுத்த காரணம்.

எதையும் எங்கும் மாட்டிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வலைக் குவிமாடத்தில் கம்பியின் நடுவில் கனமான விளக்கையோ திரையையோ தொங்கவிட்டால் அந்தக் கம்பி வளையத் தொடங்கும். பாரம் எப்போதும் முனைகளுக்கு வர வேண்டும். ஆகவே புதிய தளங்களையும் படிகளையும் தரையிலிருந்து தனியாக எழுப்புவதே இத்தகைய இடங்களில் நல்ல முறை. பின்னாளில் வேறு பயன் வந்தால் அவற்றைக் கழற்றிவிடலாம், குவிமாடம் அப்படியே இருக்கும். இன்னொரு பலவீனம் மழை. ஆயிரக்கணக்கான மூட்டுகள் உள்ள கூரையில் ஏதோ ஒன்று எப்போதும் ஒழுகும். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி மூட்டுகளின் அடைப்பான் பிய்ந்துபோகும். பினாங்கின் மழைக்கு ஆண்டு முழுக்க அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

உள்ளே தனியாக எழுப்பும் முறைக்கு மான்ட்ரியால் ஒரு சான்று. அங்கே 1967 உலகக் கண்காட்சிக்கு ஃபுல்லர் கட்டிய அமெரிக்க அரங்கு 76 மீட்டர் விட்டம் கொண்டது. 1976 மே மாதம் பழுதுபார்க்கும் வேலையில் வெல்டிங் தீப்பொறி பட்டு அதன் அக்ரிலிக் தோல் முழுவதும் எரிந்துபோயிற்று. எஃகு வலை மட்டும் அசையாமல் நின்றது. பல ஆண்டுகள் வெறும் கூடாகக் கிடந்த அதற்குள், 1995இல் நீரையும் சுற்றுச்சூழலையும் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். எரிந்த தோலை மறுபடி போர்த்தவில்லை. வலைக்குள்ளே தனிக் கட்டடம் நிற்கிறது, மேலே திறந்த வானம்.

லிம் சொங் கீட் இளமையில் பங்குபெற்ற இன்னொரு கட்டடமும், பழைய கூட்டுக்குள் புதிய பயனைக் குடிவைக்கலாம் என்ற இதே பாடத்தைச் சொல்கிறது. சென் வூன் ஃபீ, வில்லியம் லிம் ஆகியோருடன் அவர் 1960இல் தொடங்கிய நிறுவனம், சிங்கப்பூரில் மாநாட்டு மண்டபமும் தொழிற்சங்க மாளிகையும் சேர்ந்த ஒரு கட்டடத்தை வடிவமைத்தது. 1965இல் திறக்கப்பட்டது. அகலமான கூரை வெயிலையும் மழையையும் தடுக்க, காற்று உள்ளே உலவும் கட்டடம் அது. தொழிற்சங்கக் கூட்டங்களுக்காகக் கட்டிய அந்த மண்டபம் 2001இல் சிங்கப்பூர்ச் சீன இசைக்குழுவின் இல்லமாயிற்று. பேச்சுக்கு எதிரொலி ஒரு விநாடி அளவில் அடங்க வேண்டும், வாத்திய இசைக்கு அதைவிட நீள வேண்டும்; ஆகவே உள்ளரங்கத்தின் ஒலியமைப்பையே மாற்றினார்கள். 2010இல் கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 45 வயதுக் கட்டடத்துக்கு அந்த மரியாதை.

இனி கான்கிரீட்டின் உடம்புக்குள் போவோம். குவிமாடத்தைத் தாங்கும் அடித்தளமும், கோபுரமும், உலகெங்கும் உள்ள இந்தத் தலைமுறைக் கட்டடங்களும் இதனால்தான் வாழ்கின்றன, இதனால்தான் நோய்ப்படுகின்றன.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால் இழுவை வரும் இடங்களில் இரும்புக் கம்பி வைக்கிறோம். ஈரமும் ஆக்சிஜனும் நுழையக்கூடிய நுண்துளைகள் நிறைந்த பொருளுக்குள் கிடக்கும் இரும்பு ஏன் சில ஆண்டுகளில் துருப்பிடித்து அழிவதில்லை? சிமென்ட் இறுகும்போது சுண்ணாம்பு உண்டாகிறது. அது கான்கிரீட்டின் உட்புறத்தைக் கடும் காரமாக, பிஹெச் 13 அளவில் வைத்திருக்கிறது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, இரும்பை மேற்கொண்டு துருப்பிடிக்க விடாமல் காக்கிறது.

எதிரி காற்றிலேயே இருக்கிறது. கரியமில வாயு கான்கிரீட்டின் துளைகளுக்குள் மெல்ல ஊடுருவிச் சுண்ணாம்போடு சேர்ந்து சுண்ணக்கல்லாக மாறுகிறது. மாறிய பகுதியில் காரம் இறங்கி, பிஹெச் 9க்கும் கீழே போய்விடும். இந்த எல்லை மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி ஆண்டுதோறும் நகர்கிறது. கம்பியை எட்டிய நாளில் படலம் கரைகிறது, துரு தொடங்குகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடமில்லாத இடத்தில் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய மொட்டைமாடி வீடுகளில் கூரையின் அடிப்பகுதி உப்பிப் பெயர்ந்து விழுவதைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் உண்டா? அது இதுவேதான். தீவில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. கடற்காற்றின் உப்பு உள்ளே போய்ச் சேர்ந்தால், காரம் குறையாமல் இருக்கும்போதே படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும்.

அந்த எல்லை நகரும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய கணக்கு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஒரு கட்டடத்தில் முதல் 10 மில்லிமீட்டரைக் கடக்க 10 ஆண்டு ஆயிற்று என்றால், 20 மில்லிமீட்டரைக் கடக்க 40 ஆண்டு ஆகும், 30 மில்லிமீட்டருக்கு 90 ஆண்டு. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள கவரை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் நான்கு மடங்காகிறது. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக்கை ஒழுங்காக வைத்த ஒரு தொழிலாளியின் கையில் ஐம்பது ஆண்டுகள் இருந்திருக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். சுவரில் சிறு துளையிட்டு ஒரு துண்டை எடுத்து, உடைந்த புதுப்பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பயன்படுத்திய அதே கரைசல். காரம் மிச்சமுள்ள உட்பகுதி நொடியில் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன வெளிப்பகுதி சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே பேனாவால் கோடு போட்டதுபோல் ஒரு எல்லை. அளவுகோலை வைத்து அளந்தால் எவ்வளவு ஆழம்வரை காரம் போய்விட்டது என்று தெரிந்துவிடும்; கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் காந்தக் கருவி சொல்லும். இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால், இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று விடை வரும். சுவர் பாசி பிடித்துக் கறுத்திருப்பதற்கும் இந்த விடைக்கும் சம்பந்தமே இல்லை. கறுத்துப்போன கட்டடம் உள்ளே திடமாக இருக்கலாம், புதுப் பெயின்ட் அடித்த கட்டடம் உள்ளே புற்றாக இருக்கலாம்.

நோய் தெரிந்துவிட்டால் மருந்துகள் இருக்கின்றன. பெயர்ந்த இடத்தைக் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, பொருத்தமான சாந்து வைத்து அடைப்பது ஒன்று. மின்சாரத்தின் உதவியால் கான்கிரீட்டுக்குள் காரத்தைத் திரும்ப ஏற்றும் முறை உண்டு. கம்பிக்குத் தொடர்ந்து சிறு மின்னோட்டம் கொடுத்துத் துருவை நிறுத்திவைக்கும் முறையும் உண்டு. உப்பு ஏறிய கட்டடங்களுக்கு அது உதவும். லண்டனின் ஹேவர்ட் கலைக்கூடத்தை 2015இல் மூடி, ஒழுகிக்கொண்டிருந்த அதன் கண்ணாடிப் பிரமிடுக் கூரையை மாற்றி, 2018இல் மீண்டும் திறந்தார்கள். 1968இல் திறந்தபோது பலர் வெறுத்த கட்டடம் அது.

ஏன் இவ்வளவு பாடு? சிமென்ட் செய்ய, சுண்ணக்கல்லை 1450 டிகிரி வரை சுட வேண்டும். எரிபொருளின் புகை ஒரு பக்கம். கல்லே தன் கரியமில வாயுவை விட்டுவிடுவது இன்னொரு பக்கம், அதுதான் பாதிக்கு மேல். உலகில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. ஒரு பழைய கான்கிரீட் கட்டடத்துக்கான அந்த விலையை நம் பெற்றோர் தலைமுறை ஏற்கெனவே காற்றில் கட்டிவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டினால் நாம் இரண்டாம் முறை கட்டுகிறோம். இதற்குள் ஒரு வியப்பும் இருக்கிறது. கம்பிக்கு எமனாக வரும் அந்தக் கரியமில வாயு, சூளையில் கல்லை விட்டுப் போன அதே வாயுதான். நிற்கும் சுவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் மெல்லத் திரும்ப உள்ளிழுத்துக்கொண்டிருக்கின்றன. கல் மறுபடி கல்லாகிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் அது நடக்கலாம், எந்த இடத்தில் கம்பியை எட்டவிடாமல் தடுக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் பராமரிப்பு.

எல்லா ஊரிலும் இந்தப் பொறுமை இருக்கவில்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வரைந்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்குப் போட்டு, 1972இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் நினைவிருக்கிறதா? எஃகுக்கு அன்றைய இந்தியாவில் தட்டுப்பாடு. அதனால் மற்ற நாடுகள் எஃகில் செய்யும் முப்பரிமாண முக்கோண வலையை, கையால் கான்கிரீட்டில் வார்த்தார்கள். 70 மீட்டருக்கு மேல் நடுவே தூணில்லாத மண்டபம். 60 ஆண்டு ஆகாத கட்டடத்துக்குப் பாரம்பரியத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டு, 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்தார்கள். அதை ஒரு அறிவியல் மையமாகவோ கலைக்கூடமாகவோ மாற்றியிருக்க முடியாதா? அந்த வடிவம் அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

கொம்தார் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. 1990களின் கடைசியிலிருந்து அதன் அங்காடித் தளங்கள் களையிழந்ததும், புதிய வணிக வளாகங்கள் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டதும் உண்மை. பிறகு உச்சியில் மேலும் தளங்களும் கண்ணாடி நடைபாதையும் வந்தன. பக்கத்தில் பிராங்கின் கால்வாயை ஒட்டிய சியா போய் பழைய சந்தைப் பகுதி 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. உச்சியில் நடப்பது பெரும்பாலும் சுற்றுலா வியாபாரம், அதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு நிலைத்த பயன் தருவது குவிமாடம்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர்களை டெக் டோமுக்கு அழைத்துப் போகும்போது, உள்ளே இருக்கும் கருவிகளுக்குப் போவதற்கு முன் அவர்களைக் குவிமாடம் நன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை கம்பிகள் ஒரு முனையில் கூடுகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து கூடும் முனையைத் தேடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் 1960களிலும் 70களிலும் கட்டிய நூலகங்கள், கல்லூரிகள், அரங்கங்கள் இப்போது அறுபதை நெருங்குகின்றன, சில தாண்டிவிட்டன. அவற்றில் ஒன்றை இடிக்கப் போகிறோம் என்ற செய்தி உங்கள் ஊரில் வந்தால், சுவரிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கரைசல் தெளித்துப் பார்த்தீர்களா, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று பொறுப்பில் இருப்பவர்களிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.